சிவப்பு மசியில் 410D

அமிர்தத்துக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? பிராக்டிகல் பரீட்சைக்கு அரை மணி இருக்கும்போது, பெத்தவள் பெரியம்மாள் கரும்பு வெட்டுற வேலையை விட்டுட்டு நைனார்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து, கள்ளக்குறிச்சி பாலிடெக்னிக் லேப் வாசலில் கையெடுத்துக் கும்பிட்டுக்கினு நிக்கிறாள்.

"புள்ள தெரியாம பண்ணிட்ச்சிங்க. மன்னிச்சி உட்ருங்க சார்."

"தெரிஞ்சிதாம்மா பண்ணேன்!"

"நீ வாய மூடுடி!"

லேப் சார் காசிநாதன் கையெழுத்துப் போடாவிட்டால் ரெக்கார்டு நோட்டு செல்லாது, பரீட்சையும் கிடையாது. அந்தத் திமிர் அவருக்கு. தான் சொல்லிக் குடுத்ததை மாத்தி எழுதினாள் என்று அம்மாவை வரவழைத்ததும் அவர்தான். அமிர்தம் எழுதியிருந்த 410E என்ற முகவரியைச் சிவப்பு மசியால் அடித்தார், பக்கத்தில் 410D என்று எழுதினார், கீழே கையெழுத்தும் போட்டார். "பத்து வருசமா எல்லாரும் இப்டிதான் எழுதறாங்க. உனக்கு மட்டும் மூள ஜாஸ்தியா?"

ரெண்டு எண்ணைக் கூட்டுற அசெம்பிளி புரோகிராம் அது. விடை ஒரு பைட்டுக்குள், அதாவது 255-க்குள், அடங்கலன்னா மிச்சம் ஒண்ணு மேலே ஏறும், அதான் கேரி. அதைக் கணக்கில் சேர்க்க INR C என்று ஒரு வரி. அடங்கிட்டா அந்த வரியைத் தாண்டிப் போகணும், அதுக்குத்தான் JNC. எங்கே தாண்டணும் என்று புரோகிராமைத் தட்டி ஓட்டுற மைக்ரோபிராசசர் கிட்டுக்குத் தானாகத் தெரியாது. நாமதான் ஒவ்வொரு பைட்டா எண்ணி முகவரி போடணும். INR C குந்திக்கினு இருக்கிறதே 410D-யில், அடுத்த வரிதான் 410E. அதன் தலையிலேயே போய் விழுந்தால் அதுக்குப் பேர் தாண்டுறதா?

ஆனால் சீனியர் நோட்டைப் பார்த்து ஜூனியர் எழுத, எல்லாரும் அதே FF, அதாவது 255, அதே 02 போட்டுப் பார்த்தார்கள். அந்த ரெண்டுக்கும் நிஜமாகவே கேரி உண்டு. தப்பு வெளியே தெரியவேயில்லை.

வெளியூரிலிருந்து பரீட்சை நடத்த வந்த எக்ஸ்டர்னல் நாராயணசாமி ரெக்கார்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லாரும் 05, 03 போடுங்க" என்றார்.

அமிர்தம் கிட்டில் 410E-யைத்தான் தட்டினாள்.

நாராயணசாமி ஒவ்வொரு கிட்டாகப் பார்த்துக்கினு வந்தார். விடை 08, கேரி 01. அடுத்ததும் அதே. அதுக்கடுத்ததும். "எட்டுக்கு ஏதுய்யா கேரி?" அமிர்தத்தின் கிட்டில் மட்டும் கேரி 00.

காசிநாதன் கூசாமல் சொன்னார்: "நான் சரியாத்தான் சார் சொல்லிக் குடுத்தேன். இதுங்க ஒழுங்கா எழுதல."

அடப்பாவி! அமிர்தம் நோட்டை மேசைமேல் படாரென்று விரித்துப் போட்டாள். "இது யாரு கையெழுத்து சார்?"

நாராயணசாமி சிவப்பு மசியைப் பார்த்தார், காசிநாதனைப் பார்த்தார். "உனக்கு முழு மார்க்கும்மா. உக்காரு."

அவள் உட்காரவில்லை. "மார்க்கு இருக்கட்டும் சார். எங்கம்மா வெளிய வேப்பமரத்தாண்ட நிக்கிறாங்க. புள்ள தெரிஞ்சிதான் பண்ணுச்சின்னு இவரு வந்து சொல்லட்டும்."

"போங்க காசிநாதன்" என்றார் நாராயணசாமி.

காசிநாதன் முன்னே போக, அமிர்தம் பின்னே போனாள். சார் வருவதைக் கண்டதும் பெரியம்மாள் பதறிப்போய் மறுபடி கையெடுத்துக் கும்பிட்டாள்.

அமிர்தம் ஓடிப்போய் அந்த ரெண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கினாள்.