நடுத்தூணும் வட்டப் பெஞ்சும்

சின்னவளுக்கு இன்ஜினியர்களைக் கண்டால் ஆகாது. இத்தனைக்கும் அவள் நேரில் பழகிய இன்ஜினியர் ஒருவர்கூடக் கிடையாது. கட்டடக்கலைக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே இந்தக் கசப்பை எல்லோருக்கும் ஊட்டிவிடுவார்கள். பொறியியல் கல்லூரியிலும் அதே வாரம் அவர்கள் பங்குக்கு ஊட்டிவிடுவார்கள். "நாம அழகா ஒண்ணு வரைஞ்சா நடுவுல தூணைக் கொண்டாந்து நடுறவன் இன்ஜினியர்" என்று இவர்கள் சொல்ல, "நிக்காத ஒண்ணை வரைஞ்சுட்டு அதை நிக்க வைன்னு நம்ம தலையில கட்டுறவங்க ஆர்க்கிடெக்ட்" என்று அவர்கள் சொல்ல, இரண்டு கூட்டமும் வருஷக்கணக்கில் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே வெறுத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கும்.

அந்தச் சௌக்கியத்தைக் கெடுக்கத்தான் கூட்டுப் பாடம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இந்த ஊர்க் கட்டடக்கலை மாணவர் ஒருவர், வேறு ஊர்ப் பொறியியல் மாணவர் ஒருவர். இருவரும் சேர்ந்து இரண்டு மாடியில் ஒரு சின்ன நூலகத்தை வடிவமைக்க வேண்டும். வகுப்பு திரையில், சண்டையும் திரையில், கடைசி நாள் மதிப்பீடும் திரையில். மார்க் இருவருக்கும் ஒன்றே. அது போதாதென்று ஒரு வினோத விதி வேறு. மதிப்பீட்டில் அவரவர் வேலையை அவரவர் விளக்கக் கூடாது. கட்டடம் எப்படி நிற்கிறது என்று ஆர்க்கிடெக்ட் சொல்ல வேண்டும். உள்ளே மனிதர்கள் எப்படிப் புழங்குவார்கள் என்று இன்ஜினியர் சொல்ல வேண்டும். இந்த விதியை யோசித்த மனிதர் வீட்டில் நிம்மதியாக ஒருவேளை சாப்பிட்டிருக்க மாட்டார் என்பது சின்னவளின் கணிப்பு.

போன வருஷமே இந்தப் பாடத்தில் அவள் கோட்டை விட்டாயிற்று. ஜோடியாக வந்தவனோடு நாலாம் வாரம் பேச்சை நிறுத்தினாள். மதிப்பீட்டு நாளில் எந்தக் கேள்வி வந்தாலும் "அது அவர் வச்சது சார், அவரைக் கேளுங்க" என்றாள். அவனும் அதையே சொன்னான். இரண்டு பேரும் அவுட். இன்னொரு முறை போனால் படிப்பை விட்டே அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு என்ன என்பதையும் வீட்டில் அண்ணன் முடிவு செய்து வைத்திருந்தான். அவன் ஒரு கூரியர் ஆபீசில் மேனேஜர்.

"பார்சல்ல லேபிள் ஒட்டுற மேசை ஒண்ணு காலியா இருக்கு. உனக்காகவே யாரையும் போடாம வச்சிருக்கேன்."

"வாயைக் கழுவு."

"ஜன்னலோரம்மா. நல்ல காத்து, நல்ல வெளிச்சம். உன் பாஷையில சொன்னா அருமையான ஸ்பேஸ்."

அம்மா இதில் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஆர்க்கிடெக்ட் என்றால் என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி அலுத்துப்போய், "சின்னவ இன்ஜினியருக்குப் படிக்கிறா" என்று போனில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அதைக் கேட்கும்போதெல்லாம் சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் வாய்த்தவனுக்கு அவள் வைத்த பெயர் வட்டம். கேமராவைத் திறக்கவே மாட்டான். திரையில் அவன் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் மட்டும் இருக்கும். ஒரு வார்த்தையில் முடிவதற்கு இரண்டு வார்த்தை செலவழிக்க மாட்டான். எப்போதாவது மைக்கைத் திறந்தால் பின்னால் 'உர்ர்ர்' என்று ஒரு இரைச்சல் வரும். கான்கிரீட் கலக்கும் மெஷின் என்று அவளாகவே தீர்மானித்தாள். படிக்கும்போதே சைட்டில் வேலை பார்க்கிறான், தலையில் ஹெல்மெட், காலில் சிமென்ட், கைக்குக் கீழே நாலு மேஸ்திரிகள் என்று ஒரு உருவத்தைக் கட்டி, அதைப் பார்த்துத் தானே கொஞ்சம் பயந்தும் வைத்தாள்.

மூன்றாம் வாரம் மேல் மாடிக்கான அவனுடைய வரைபடம் வந்தது. மேல் மாடி சிறுவர் வாசிப்பறை. தூணே இல்லாமல், பிள்ளைகள் ஓடி விழுந்து புரண்டு படிக்கிற மாதிரி அவள் ஆசை ஆசையாக வரைந்த அறை. வரைபடத்தில் ஓரத்துத் தூண்களோடு, அறைக்கு நட்டநடுவில் இன்னொரு கறுப்புச் சதுரம் உட்கார்ந்திருந்தது.

தூண். கல்லூரியில் சொன்னது சரியாகப் போயிற்று.

'நடுத்தூணை எடுக்க முடியுமா?' என்று அனுப்பினாள்.

'எடுத்தா விழுந்துரும்' என்று பதில் வந்தது.

'கொஞ்சம் தள்ளியாவது வைக்கலாமா?'

'முடியாது.'

போன வருஷத்துச் சின்னவளாக இருந்தால் அன்றே பேச்சை நிறுத்தியிருப்பாள். இந்த வருஷத்துச் சின்னவளுக்கு ஜன்னலோர மேசை கண்முன் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தத் தூணைச் சுற்றி ஒரு வட்டப் பெஞ்சு வரைந்தாள். பிள்ளைகள் தூணில் சாய்ந்துகொண்டு சுற்றிலும் உட்கார்ந்து படிக்கட்டும் என்று விட்டாள். அனுப்பிய வரைபடத்துக்கு வட்டத்திடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. மனுஷன் அதற்குமேல் ஒரு எழுத்து எழுதவில்லை.

மாதிரியைச் செய்யப் பத்து நாள் ஆயிற்று. அட்டையும் குச்சியும் பசையுமாகச் சாப்பாட்டு மேசை முழுக்க நூலகம். வீட்டார் பத்து நாளும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். கூரைக்கு வட்டத்தின் வரைபடத்தில் இருந்தபடியே சுவருக்குச் சுவர் ஐந்து குறுக்குச் சட்டம் ஒட்டினாள். நடுத்தூணின் தலையை நடுச் சட்டத்தில் முட்டவைத்து ஒட்டினாள். அண்ணன் ஒவ்வொரு வேளையும் மாதிரியைச் சுற்றி வந்து, "இதை பேக் பண்ண பெரிய டப்பா வேணும்" என்பான்.

மதிப்பீட்டு நாள் வந்தது. பகல் இரண்டு மணி. திரையில் அவர்கள் கல்லூரி தாடி சார், வட்டத்தின் கல்லூரியிலிருந்து ஒரு மேடம், மூலையில் வட்டம். கேமராவுக்குப் பின்னால் அம்மாவும் அண்ணனும் மூச்சுக்காட்டாமல் நின்றார்கள்.

தாடி சாருக்குப் பெஞ்சு பிடித்துப்போயிற்று. "தூணை மறைக்காம அதையே உபயோகப்படுத்தியிருக்கீங்க, நல்லாருக்கு" என்றார். சின்னவளுக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. அப்போது மேடம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பரீட்சை எழுதிய எவருக்கும் தெரியும், அது நல்ல அறிகுறி இல்லை.

"கட்டடம் நிக்கிறதைப் பத்தி நீங்கதானம்மா சொல்லணும். மேல் மாடியில நடுவுல ஒரு தூண் இருக்கே, அது எதைத் தாங்குது?"

"கூரையை மேடம்."

"எவ்வளவு?"

சின்னவள் வட்டத்தின் கணக்குத் தாளைப் புரட்டினாள். ஒவ்வொரு தூணுக்கும் கீழ் மாடியில் எவ்வளவு, மேல் மாடியில் எவ்வளவு என்று வரிசையாகப் போட்டிருந்தான். நடுத்தூணுக்குக் கீழ் மாடியில் ஒரு எண் இருந்தது. மேல் மாடியில் ஒரு கோடுதான் இருந்தது. மறுபடி பார்த்தாள். கோடு எண்ணாக மாறவில்லை.

"என்கிட்ட இருக்கிற தாள்லயும் அப்படித்தான் இருக்கு" என்றார் மேடம். "உங்க ஜோடி கணக்குல மேல் மாடியில அந்தத் தூணே இல்லையே."

என்னவெல்லாம் சொல்லலாம் என்று மனசு மளமளவென்று எடுத்துக்கொடுத்தது. அழகுக்கு வைத்தோம் மேடம். பிற்காலத்தில் மூன்றாவது மாடி கட்டுவதற்கு மேடம். எல்லாவற்றுக்கும் முன்னால் நாக்கு நுனியில் வந்து நின்றது பழைய பதில்தான்: அது அவர் வச்சது, அவரைக் கேளுங்க. அதைச் சொல்ல வாயைத் திறந்தவளுக்குப் போன வருஷம் திரையில் தெரிந்த தன் முகமே ஞாபகம் வந்தது. அசிங்கமாக இருந்தது.

"தெரியல மேடம்" என்றாள். "அவர் தூண் வச்சாருன்னு நினைச்சேன். எதுக்குன்னு நான் கேக்கல."

'உர்ர்ர்' என்று மைக் திறந்தது. "நான் மேல வைக்கவே இல்ல மேடம்" என்றது வட்டம். "அவங்க அழகுக்கு வச்சிருக்காங்கன்னு நினைச்சேன். ஆர்க்கிடெக்ட்னா அப்படித்தான்னு... நானும் கேக்கல."

மேடம் இரண்டு வரைபடங்களையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். விஷயம் இவ்வளவுதான். சின்னவள் மேல் மாடியை மேலேயிருந்து கீழே பார்த்து வரைகிறவள். தரையும் தரையில் இருப்பதும் அவளுக்குத் தெரியும். வட்டம் அதே மாடியைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து வரைகிறவன். அந்தத் தரையை எது தாங்குகிறது என்பதுதான் அவனுக்கு வேண்டும். அவன் போட்ட கறுப்புச் சதுரம் தரைக்குக் கீழே வந்து முடிந்துபோன தூண். எடுத்தால் தரை விழும், சத்தியமான வார்த்தை. அதை அவள் தரைக்கு மேலே வளர்த்துவிட்டாள். இன்ஜினியர் என்றால் தூண் நடுவான் என்று அவளுக்கு உறுதி. ஆர்க்கிடெக்ட் என்றால் வேண்டாததைச் சொருகுவாள் என்று அவனுக்கு உறுதி. அந்த இரண்டு உறுதியில்தான் அந்தத் தூண் அத்தனை நாள் நின்றது.

"எத்தனை வாரமா இது நிக்குது?" என்று மேடம் கேட்டார்.

"ஆறு வாரம்."

"ஆறு வாரத்துல 'எதுக்குங்க இது'ன்னு ஒரு வார்த்தை. ரெண்டு பேர்ல ஒருத்தர் வாயிலயும் வரல."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. தாடி சார் தாடியைத் தடவினார். அண்ணன் கேமராவுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டான். இந்த முறை அவன் கேலி செய்யவில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"சரி, இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"பிடுங்கிருங்க" என்றது வட்டம்.

சின்னவள் திருதிருவென்று விழித்தாள். "எதை?"

"தூணைத்தான். மாதிரியில இருந்து பிடுங்கிருங்க. விழாது."

"பத்து நாள் வேலைங்க இது. நடுச் சட்டத்தோட சேர்த்து ஒட்டியிருக்கேன்."

"என் வரைபடத்துல இருக்கிற மாதிரிதான சட்டத்தை வச்சீங்க?"

"அப்படியேதான்."

"அப்ப விழாது. நான் மூணு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன்."

அவன் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதில்லை. முகம் தெரியாதவன். எங்கேயோ மெஷின் இரைச்சலில் உட்கார்ந்துகொண்டு விழாது என்கிறான். விழுந்தால் இவள் கூரை, இவள் படிப்பு. ஆனால் அவன் கணக்கைப் பார்க்காமல் ஒரு தூணை வளர்த்ததுதானே இத்தனைக்கும் காரணம். கத்தியை எடுத்தாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தூணின் தலையில் ஒரு கீறல், காலில் ஒரு கீறல். இரண்டு விரலால் பிடித்து மெதுவாக உருவினாள்.

கூரை லேசாக முனகியது. நடுச் சட்டம் ஒரு நூலளவு அசைந்தது. அப்புறம் அப்படியே நின்றது.

தாடி சார் தொண்டையைக் கனைத்தார். "கூரை சரி. பெஞ்சுக்கு நடுவுல ஓட்டை விழுந்துருச்சே. அது உங்க கேள்வி தம்பி. சாய்ஞ்சு உட்கார வந்த பிள்ளைங்க எதுல சாயும்?"

"ஒரு நிமிஷம் சார், காட்டுறேன்" என்றது வட்டம். சாம்பல் வட்டம் போய், திரையில் ஒரு பையனின் மூக்கு, அப்புறம் கூரை மின்விசிறி, அப்புறம் ஒரு பெரிய அறை தெரிந்தது. சுவரெல்லாம் கண்ணாடி. நாற்காலிகளில் வரிசையாகப் பெண்கள். ஒரு பெண் நீளமான கூந்தலை டிரையரில் 'உர்ர்ர்' என்று காயவைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு அம்மாள் முகம் முழுக்க வெள்ளைப் பூச்சோடு கேமராவுக்குக் கை அசைத்தாள்.

"அக்காவோட பார்லர் சார்" என்றான். "வீட்டுல இடம் இல்ல, இங்க உட்கார்ந்துதான் படிக்கிறேன்."

சின்னவள் கட்டிவைத்திருந்த ஹெல்மெட்டும் சிமென்ட்டும் நாலு மேஸ்திரிகளும் அந்த நிமிஷமே வேலையை விட்டுப் போனார்கள்.

கேமரா அறை நடுவுக்குப் போயிற்று. அங்கே ஒரு வட்ட இருக்கை. நடுவில் ஆள் உயர மண்தொட்டியில் தழைத்த செடி. சுற்றிலும் நாலைந்து பேர் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். "பேசப் பிடிச்சவங்க திரும்பி உட்காருவாங்க சார். பிடிக்காதவங்க அந்தப் பக்கம் பார்த்துக்குவாங்க. யார் மூஞ்சியையும் யாரும் பார்க்க வேண்டியதில்ல. பிள்ளைங்கன்னா சுத்திச் சுத்தி ஓடும். மூணு வருஷமாப் பார்க்கிறேன். அவங்க வரைஞ்ச பெஞ்சு நல்ல பெஞ்சு. தூணுக்குப் பதிலா தொட்டி போதும்."

மேடம் சின்னவள் பக்கம் திரும்பினார். "அவ்வளவு பெரிய தொட்டி, மண்ணு, தண்ணி. கனம் தாங்குமாம்மா உங்க தரை?"

இது அவள் கேள்வி. இந்த முறை தாளைப் புரட்டத் தேவைப்படவில்லை.

"தாங்கும் மேடம். தொட்டிக்கு நேர் கீழதான் அவர் தூண் இருக்கு. பத்துத் தொட்டி வைக்கலாம்."

"பத்து வேண்டாம்" என்றான் அவன் பதறிப்போய்.

"ஒண்ணு போதும்" என்றாள் அவள்.

மேடம் முதல்முறையாகச் சிரித்தார். திரைக்கு வெளியே எதையோ எழுதினார். "பாஸ். ரெண்டு பேரும். அடுத்த ஜோடியைக் கூப்பிடுங்க."

அம்மா உடனே போனை எடுத்து, "எங்க வீட்டு இன்ஜினியர் பாஸாயிட்டா" என்று யாருக்கோ சொன்னாள். சின்னவளுக்கு இந்த முறை கோபம் வரவில்லை.

மறுநாள் அண்ணனோடு அவன் ஆபீசுக்குப் போனாள். ஜன்னலோர மேசை உண்மையிலேயே நல்ல வெளிச்சமாகத்தான் இருந்தது. அதில் உட்கார்ந்து, இருப்பதிலேயே சின்ன டப்பாவாக ஒன்றை வாங்கி, அந்தக் குச்சித் தூணை உள்ளே வைத்து மூடினாள். வட்டம் என்று எழுதப்போய், அவன் பெயரை விசாரித்து எழுதி, கீழே அவன் அக்காவின் பார்லர் விலாசத்தையும் கேட்டுப் போட்டாள். உள்ளே ஒரு துண்டுச் சீட்டில் ஒரே வரி: 'எதுக்குங்க இது?'

அந்த மேசையில் அவள் ஒட்டிய லேபிள் அது ஒன்றுதான்.