நூர் பாஷாவின் உருளை

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அப்துல் சுபான் டிவி கேம் கடை போட்ட நாளிலிருந்து, அவனுடைய அக்கா புருஷன் நூர் பாஷாவின் கட்டைவிரலுக்கு ஓய்வில்லை. கடை வாசல் டிவியில் அவர் கேம் ஆட வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் உள்ளே போய்க் காசு கொடுத்து ஆட வேண்டும். கல்யாண வீடுகளுக்கு சீரியல் லைட் கட்டிய மனுஷனுக்கு நாற்பத்தெட்டு வயதில் வாய்த்த உத்தியோகம். மச்சினனிடம் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

ரம்ஜான் வந்தபோதுதான் தாங்கவில்லை. கூட்டம் சேர்வதும் நோன்பு திறப்பதும் ஒரே நேரம். வீட்டில் மனைவி ஷரீபுன்னிசா ஒரு வாய் தண்ணீரில் நோன்பு திறந்துவிட்டு, அவர் வரும்வரை கஞ்சியைத் தொடாமல் தனியாக உட்கார்ந்திருந்தாள். அது அவர் நெஞ்சை அறுத்தது.

சீரியல் லைட்டை ஓட்டும் மர உருளையை எடுத்தார். மோட்டாரில் அது சுற்றும். அதிலுள்ள செப்புத் தகடு கம்பியைத் தொட்டால் விளக்கு எரியும். விளக்குக்குப் பதிலாக ஆட்டப் பெட்டியின் பொத்தான்கள், அவ்வளவுதான். பொம்மை எப்போது ஓட வேண்டும், எப்போது பள்ளத்தைத் தாண்ட வேண்டும் என்று ஒன்று இரண்டு எண்ணித் தகடுகளை வெட்டி ஒட்டினார். மயிரிழை பிசகினாலும் பொம்மை பள்ளத்தில். நோன்புக் களைப்போடு பத்து நாள் இதே பிழைப்பு.

பதினோராம் நாள் உருளை தானாக ஆடியது, ஒரு பள்ளத்திலும் விழாமல். கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. பார்த்துவிட்டு ஏரியூர் பஸ் ஏறிப் போய்விட்டது. ஒருத்தரும் உள்ளே வரவில்லை.

"நாளைக்கு நீங்களே உக்காருங்க மச்சான்," என்றான் சுபான். "நீங்க தோக்கறதப் பாத்துத்தான், நாம ஜெயிச்சிரலாம்னு உள்ள வர்றாங்க."

ஒன்பது மாதமாகத் தன் கைத்திறமைக்குத்தான் கூட்டம் என்று நம்பியிருந்தார். வலித்தது. கோபப்படக்கூடத் தெம்பில்லை. கத்தரியை எடுத்து, மூன்றாவது பள்ளத்துத் தகட்டில் நகக்கண் அளவு வெட்டினார். விழுந்தபின் புது ஆட்டம் தொடங்க இன்னொரு தகடும் வைத்தார்.

மறுநாள் மாலை பொம்மை மூன்றாவது பள்ளத்தில் போய் விழுந்தது. இண்டூர்க்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். பின்னாலேயே நாலு பேர். நூர் பாஷா எழுந்து போனதை யாரும் கவனிக்கவில்லை.

பாங்கு சொல்லுமுன்னே வீடு வந்தவரிடம், கடைக்கு யார் என்று ஷரீபுன்னிசா கேட்டாள்.

"என்ன வுட நல்லாத் தோக்கற ஆளு கெடச்சிருச்சு," என்றார் அவர். "நீ கஞ்சிய எடு."