அட்டையைத் திருப்பி வைத்தவர்

நூர் முகம்மது தன் மனைவியின் காருக்குத் தானே ஆயில் மாற்றியது ஒரு சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை அது ஒழுக ஆரம்பித்தது.

இடையில் இருந்த நாட்களில் அவர் ரொம்ப சந்தோஷமாக இருந்தார். சன்னிவேலில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலை. அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடித்தே இருபது வருடம் போய்விட்டது. தானாக ஒன்றைச் செய்து, அது ஓடுவதைப் பார்ப்பது அவருக்குப் புதிது. ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாம் என்று மனைவி ரசியா பேகம் இரண்டு தடவை சொன்னாள். அவரோ அதற்குள் நான்கு வீடியோ பார்த்திருந்தார். பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரைக் கழற்றி, புதியதை மாட்டி, புது ஆயில் ஊற்றி, கரிபடிந்த கையைப் படம் எடுத்து நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நாற்பத்தொரு பேர் பாராட்டினார்கள்.

ரசியா சான் ஹோசேயில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். செவ்வாய் மாலை வேலை முடிந்து வந்தவள், ஃப்ரீவேயை விட்டு இறங்கி சிக்னலில் நின்றபோது எண்ணெய் கருகுகிற மாதிரி வாடை வந்தது என்றாள். மறுநாள் காலை கராஜில் காருக்கு அடியில் ஒரு தோசை அகலத்துக்குக் கறை இருந்தது.

நூர் முகம்மது குனிந்து பார்த்தார். அந்த நான்கு வீடியோக்களும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தன. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சில சமயம் அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் புதியதை மாட்டினால் நாலே நாளில் ஒழுகும். அவர் அதைப் பார்த்தாரா? யோசித்து யோசித்துப் பார்த்தார். கையைப் படம் எடுத்தது நன்றாக நினைவிருந்தது. வளையம் நினைவில் இல்லை.

"டர்போதான்," என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. அது டர்போ வைத்த கார் என்பதும், டர்போ அடிக்கடி கெட்டுப்போகும் என்று யாரோ சொன்னதும்தான் அவருக்குத் தெரியும். அன்று மதியம் ஆபீஸில் உட்கார்ந்து மீதியைப் படித்துக்கொண்டார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சின்ன விசிறி அது. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அது சூட்டில் வெந்துபோகாமல் இருக்க ஆயில் போய்ப் போய் வர வேண்டும். அந்த வழியில் எங்கே வேண்டுமானாலும் கசியலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அவர் கை அந்தப் பக்கமே போகவில்லை.

சனிக்கிழமை ஆயில் மாற்றியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்று ரசியா ஒரு தடவை கேட்டாள். தற்செயல் என்றார். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

இரண்டு வீடு தள்ளி ஸ்டெபின் இருந்தான். மின்சாரக் கார் கம்பெனி ஒன்றில் கதவுக் கைப்பிடி வடிவமைப்பவன். அவன் கம்பெனி கார்களில் எஞ்சின் ஆயில் என்பதே கிடையாது. ஆனாலும் கார் கம்பெனியில் இருக்கிறான் என்பதால் அந்தத் தெருவில் யார் வண்டி இருமினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் வந்து பார்த்துவிட்டு, வண்டியை எடுக்கக் கூடாது என்றான். காருக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வைத்தால், சொட்டு எந்த இடத்தில் விழுகிறதோ அதற்கு நேர் மேலேதான் கசிவு என்றான். டிவி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து இருவருமாக விரித்தார்கள்.

வியாழன் காலை ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் நூர் முகம்மது முதல் ஆளாகக் கராஜுக்குப் போனார். சொட்டுகள் எல்லாம் அட்டையின் முன்பக்கம், ஃபில்டருக்கு நேர் கீழே, வரிசையாக விழுந்திருந்தன. டர்போ இருப்பது எஞ்சினுக்குப் பின்னால். அங்கே அட்டை சுத்தமாக இருந்தது.

இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அட்டையை வெளியே இழுத்து, முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பி, உள்ளே தள்ளிவிட்டார்.

ஏழரை மணிக்கு ஸ்டெபின் வந்து குனிந்து பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "நூர் பாய், நீங்க சொன்னது கரெக்ட். டர்போவேதான்," என்றான். அதற்குள் முன்பக்கம் புதிதாக ஒரு சொட்டு விழுந்தது. நூர் முகம்மது பம்பருக்கு அடியில் கால் நுனியை நீட்டி அதை மறைத்துக்கொண்டார். ஸ்டெபின் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு, ஆபீஸில் காட்டப்போவதாகச் சொல்லிப் போனான்.

வெள்ளிக்கிழமை இழுவை வண்டி வந்து காரைத் தேவதாஸின் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போனது. தேவதாஸ் மார்த்தாண்டத்துக்காரர், அதிகம் பேசாதவர். சனிக்கிழமை காலை கணவனும் மனைவியும் வீட்டின் இன்னொரு காரில் போனபோது, நூர் முகம்மது டர்போ என்ற சொல்லை மூன்று தடவை சொன்னார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் தேவதாஸ். அடிப்பகுதி முழுக்க எண்ணெய் பரவியிருக்கிறது, இப்போது எதைப் பார்த்தாலும் அதுதான் ஒழுகுவதுபோல் தெரியும், முதலில் கழுவித் துடைக்க வேண்டும் என்றார். பிறகு ஆயிலில் ஒரு சாயம் கலந்து எஞ்சினை ஓடவிட்டு ஊதா விளக்கு அடித்தால், கசிகிற இடம் மட்டும் பளிச்சென்று மின்னும்.

ரசியாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஸ்கேனுக்கு முன்னால் நோயாளிக்கு மருந்து ஏற்றுவது போலத்தான் என்று கணவருக்கு விளக்கினாள். "இதுல எதையும் மறைக்க முடியாதுங்க," என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நூர் முகம்மது ஒர்க்‌ஷாப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர்கள் காத்திருந்த அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"ரசியா, அது டர்போ இல்ல."

"அவர் இன்னும் பாக்கவே இல்லையே."

"நான்தான். பழைய ஃபில்டரோட ரிங்கை எடுத்தேனான்னு எனக்கு ஞாபகமே இல்ல. அட்டையில சொட்டு முன்னாடிதான் விழுந்திருந்துச்சு. நான் அதைத் திருப்பி வச்சுட்டேன்."

ரசியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  ஆரம்பித்த பிறகு எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. "போன வருஷம் மளிகைக் கடை பார்க்கிங்ல உன் பம்பர்ல டிராலி இடிச்சிருச்சுன்னு சொன்னேன்ல? டிராலி இல்ல. நான்தான், ரிவர்ஸ் எடுக்கும்போது நம்ம குப்பைத் தொட்டி மேலயே இடிச்சேன்."

"நான் அந்தக் கடை மேனேஜர்கிட்ட சண்டை போட்டேனே."

"தெரியும்."

"பத்து மாசமா அந்தக் கடைக்கே போகல. கறி வாங்க ஃப்ரீமாண்ட் போயிட்டு வரேன்."

 அப்போது தேவதாஸ் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஆயில் மாத்தினது யாரு சார்?"

நூர் முகம்மது கையைத் தூக்கினார்.

"நல்லாப் பண்ணியிருக்கீங்க. ஃபில்டர்ல ஒரு சொட்டு இல்ல. ரிங் ஒண்ணுதான் இருக்கு, டைட்டும் கரெக்டா இருக்கு. கசியறது டர்போவுக்குக் கீழ. அங்கிருந்து ஆயில் திரும்பி வர்ற பைப் மூட்டுல கசியாம அடைக்கிற கேஸ்கெட் சூட்டுல காஞ்சு போச்சு."

சொட்டு ஏன் முன்னால் விழுந்தது என்று ரசியா கேட்டாள். வீட்டில் வண்டியை எப்படி நிறுத்துவீர்கள் என்று தேவதாஸ் திருப்பிக் கேட்டார். ரிவர்ஸில் உள்ளே விட்டு, முன்பக்கம் வாசலைப் பார்க்க என்றாள். கராஜ் தரை மழைத்தண்ணீர் வெளியே போவதற்காக வாசல் பக்கம் சரிவாக இருக்கும், டர்போவிலிருந்து வடிந்த ஆயில் எஞ்சினுக்கு அடியில் இருக்கிற தட்டில் ஓடி முன்னால் வந்து சொட்டியிருக்கிறது என்றார். எண்ணெய் கருகிய வாடை வந்ததாக ரசியா சொன்னபோதே தனக்குச் சந்தேகம் இருந்ததாம். ஃபில்டரில் கசிந்தால் தரைதான் அழுக்காகும். டர்போ பக்கம் கசிந்தால்தான் கொதிக்கிற இரும்பில் பட்டுக் கருகும். கேஸ்கெட் திங்கட்கிழமை வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

 நாலு நாளாக நூர் முகம்மது பொய் என்று நினைத்துச் சொன்னதெல்லாம் உண்மை. உண்மை என்று நினைத்து ஒப்புக்கொண்டதில் பாதி நடக்கவே இல்லை. சந்தோஷம் வரத்தான் செய்தது. பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஒப்புக்கொண்டதில் மீதிப் பாதி அங்கே அப்படியே இருந்தது.

என்ன ஆனது என்று ஸ்டெபின் போனில் கேட்டிருந்தான். டர்போதான் தம்பி என்று ரசியாவே பதில் அனுப்பினாள். அதற்கு மேல் அவனுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று கணவரிடம் சொன்னாள். அவர் வேகமாகத் தலையாட்டினார்.

திரும்பும் வழியில் அந்த மளிகைக் கடைக்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள். உள்ளே போய் மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், தான் கூட நின்று பார்ப்பேன் என்றாள். நூர் முகம்மது போய், பம்பரில் தொடங்கிக் குப்பைத் தொட்டி வரை எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். அவருக்கு அந்தச் சண்டை சுத்தமாக நினைவில்லை. இவ்வளவு தூரம் வந்து சொன்னதற்கு நன்றி என்று மட்டும் சொன்னார்.

ரசியா அதற்குள் கறி கவுன்டருக்குப் போய்விட்டாள். எலும்போடு வெட்டச் சொல்லி நின்றவள், திரும்பி அவரைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டிருந்தது.

"ஒரு கட்டு கொத்தமல்லியும் எடுத்துட்டு வாங்க," என்றாள்.

அவர் இரண்டு கட்டு எடுத்துப் போனார்.