பன்னிரண்டாம் வரிசை

...முடிச்சு தானாக அவிழ்ந்திருக்க வாய்ப்பில்லை, நான் போட்ட முடிச்சு, முப்பத்தொரு வருடமாக ஊராரின் கால்சட்டைகளை இடுப்பில் நிறுத்தி வைத்திருக்கும் முடிச்சு, அது அவிழக்கூடியதென்றால் பாதிப் பேர் நடுத்தெருவில் மானம் போய் நின்றிருப்பார்கள், ஆகவே யாரோ அவிழ்த்திருக்கிறார்கள், போர்வையின் இந்த ஓரத்திலிருந்து எண்ணினால் பதினொரு வரிசைத் தையல், அந்த ஓரத்திலிருந்து எண்ணினாலும் பதினொன்றுதான். திங்கட்கிழமை என் எண்ணிக்கையில் பிழை என்று நினைத்தேன், செவ்வாய்க்கிழமை அப்படி நினைக்க இடமில்லை, இன்று புதன், நேற்று மதியம் நான் தைத்த பன்னிரண்டாம் வரிசை இருந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் நேர்கோட்டில் நிற்கின்றன, பிரித்தெடுத்த நூல், தையல்கூடையின் அடியில் கிடக்கிறது, அறுபடாமல், தையலின் வளைவுகள்கூடக் கலையாமல்...

கடையை இரண்டு மணிக்குச் சாத்தினால் நான்குக்குத்தான் திறப்பேன், இடையில் சாப்பாடு, பிறகு ஜன்னலோர நாற்காலி, இந்தப் போர்வை. அடுத்த அறையில் மனைவி தூங்குகிறாள், அல்லது தூங்குவதாக நான் எடுத்துக்கொள்கிறேன். என் கடையில் கழிந்த வெட்டுத்துணிகளை ஒட்டி அவள் தைத்துக்கொண்டிருந்த போர்வைகள் மூன்று, மூன்றும் பாதியில், எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் அவளுடைய வலது பக்கம் வாதத்தில் சாய்ந்தபோது நின்றுபோனவை. பேச்சு ஒரே வாரத்தில் திரும்பிவிட்டது, திரும்பியதில் குறையொன்றுமில்லை, கைதான் திரும்பவில்லை, ஆறு மாதத்துக்குப் பிறகு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று மருத்துவர் தம் பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பாதியில் கிடக்கும் வேலையைக் கண்டால் எனக்கு ஆகாது, அது தொழில் பழக்கம், அதில் உருக்கம் எதுவுமில்லை, அவளைக் கேட்காமலே எடுத்தேன், இரண்டு போர்வைகளை முடித்தேன், இது மூன்றாவது. அவள் போடுவது ஓட்டுத் தையல், அரிசி அரிசியாக, கொஞ்சம் தளர்வாக, நான் போடுவது கெட்டித் தையல், ஒவ்வொரு தையலும் பின்னால் ஓர் எட்டு வைத்துப் பிறகு முன்னால் போவது. முடித்ததை விரித்துக் காட்டியபோது தலை முதல் கால் வரை பார்த்தாள், போர்வையை அல்ல, என்னை. "பேன்ட் தைக்கிறவர் போர்வை தைச்சா இப்படித்தான். போத்திக்கிட்டுப் படுக்க முடியாது, நிக்கத்தான் முடியும்."

முதலில் கொழுந்தியாளைத்தான் சந்தேகித்தேன், அக்காளைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட அவள்தான் காலையில் வருகிறாள், நேற்று கடைப்பக்கம் வந்தபோது கேட்டும் விட்டேன், கேட்டிருக்க வேண்டாம். "அத்தான், உங்க அக்கா தங்கச்சி யாரும் கிடைக்கலையா பழி போட? எனக்கு என் வீட்டுத் துணியைத் துவைக்கவே நேரமில்ல, உங்க தையலைப் பிரிக்க வேற வரணுமா? பதினோரு மணிக்குக் கிளம்பிடுறேன், அப்புறம் அங்க நடக்கறதெல்லாம் உங்க பொண்டாட்டி ராஜ்யம்." பதினொன்றிலிருந்து இரண்டு வரை. மூன்று மணி நேரம் அவள் தனியாக, இந்த நாற்காலியில்தான், ஊன்றுகோலோடு, இடது கையோடு...

இடது கையோடு என்று நினைத்த இடத்தில், ஊசியை எடுக்கப்போன என் கை நின்றது. ஓட்டுத் தையலாக இருந்தால் முடிச்சை எடுத்துவிட்டு ஒரு கையால் இழுக்கலாம், வந்துவிடும். கெட்டித் தையல் அப்படி வராது, ஊசிக்காதால் ஒவ்வொன்றாக நெம்ப வேண்டும், நெம்பும்போது துணியை மறு கை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் துணியும் கூடவே எழுந்து வரும், கடையில் சேரும் எவனுக்கும் முதல் வாரத்தில் தெரிந்துவிடுகிற விஷயம், எனக்கு மூன்றாம் நாள்தான் எட்டியது. சோதித்துப் பார்த்தேன். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பதினோராம் வரிசையில் ஒரு தையலை இடது கையால் நெம்பினேன், துணி சுருங்கி ஊசியோடு வந்தது, முழங்காலால் அழுத்தினேன், அப்போதும் வந்தது, பல்லால் கடித்துப் பார்த்தேன், ஐம்பத்தெட்டு வயதில், ஜன்னல் திறந்திருக்க. இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்தால் முடிகிறது, ஆனால் பெட்டி இருப்பது மேல் தட்டில், அதை இறக்க எனக்கே ஒரு கை போதாது. ஆக, பிடித்திருக்கிறது. மூன்று காலைகளாக அந்த வலது கை துணியைப் பிடித்திருக்கிறது.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் என்ன நடக்குமென்று அவளுக்குத் தெரியாதா, வருகிறவரெல்லாம் எங்கே, மூடு பார்ப்போம், திற பார்ப்போம் என்பார்கள், முதல் மாதம் அப்படித்தான், நானும் அந்த வரிசையில் நின்றேன், "என்ன, டிக்கெட் போட்டு விக்கறீங்களா என் கையை?" என்று ஒரு நாள் கேட்டாள், பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்து அன்றிலிருந்து கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அல்லது இதற்கும் கைக்கும் சம்பந்தமே இல்லையோ, வெறும் கோபமோ, தன் கடைசிப் போர்வையையும் இன்னொருவன் முடித்துவிட்டால் தனக்கென்று பாதியில் எதுவும் மிஞ்சாது என்றோ, பிடித்தது கைதான் என்பது அவளுக்கே இன்னும்...

"டைலரே." தூங்கவில்லை. "இன்னைக்கு எத்தனை வரிசை?"

ஒன்று, என்றேன்.

"தைச்சது நிக்குமா?"

"நிக்கும்."

"பார்ப்போம், பார்ப்போம்."

கேட்க வேண்டியதைக் கேட்க அது சரியான இடம், வாயைத் திறந்தேன், திறந்த வாயில் நூல் நுனியை ஈரமாக்கிக்கொண்டு ஊசியில் கோத்தேன். இன்று ஓட்டுத் தையலுக்கு மாறிவிடலாம் என்றுதான் கடையிலிருந்து யோசித்துக்கொண்டு வந்தேன், அவளுடைய தையல்போலவே இருந்தால் விட்டுவிடுவாளோ என்று... வேண்டாம், அது ஒரு கைக்கே வந்துவிடும். கெட்டித் தையல்தான், நேற்றையதைவிடப் பொடியாக, அங்குலத்துக்குப் பன்னிரண்டு, முடிச்சும் இரட்டை, நெம்புகிறவள் துணியை நன்றாக இறுக்கிப் பிடித்தால் மட்டுமே வரும்படி. இன்னும் பத்தொன்பது வரிசை பாக்கி, இந்தக் கணக்கில் இது முடியாது, பாதியில் கிடக்கும் வேலை எனக்கு ஆகாது என்பதை இந்த ஒன்றுக்கு மட்டும் மறந்துவிடலாம். ஒரே ஒரு சங்கடம், அதை இப்போதுதான் பார்க்கிறேன், நாளை இரண்டு மணிக்கு வந்து எண்ணும்போது பன்னிரண்டாம் வரிசை அப்படியே இருந்தால்... தையல் அவளுக்குப் பிடித்திருந்ததா, துணியைக் கை பிடிக்கவில்லையா என்று நான் யாரைக் கேட்பது?