டவர் கிடைக்கும் இடம்

முச்சந்தியில் பாடையை இறக்கித் திருப்பினார்கள். இனி ஆண்கள்தான் போக வேண்டும். பெண்கள் அழுதபடி தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் பக்கம் திரும்ப, இந்துமதி மட்டும் அப்பாவின் பாடைக்குப் பின்னாலேயே நடந்தாள். தோளில் லேப்டாப் பை.

"ஏ புள்ள, நில்லு!" தப்பு மேளச் சத்தத்தையும் மீறிக் கத்தினார் சுடலைச் சித்தப்பா. "பொம்பளைக மயானத்துக்கு வர்ற வழக்கம் நம்மகிட்ட இருக்கா?"

"அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும் சித்தப்பா. அங்கதான் டவர் கெடைக்குதாம்."

சென்னையில் ஒரு பெரிய நூலகம் இரண்டு வருட ஆய்வு நல்கை தருகிறது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த ஜனங்கள் சர்க்காருக்கு எழுதிய மனுக்கள் அங்கே கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. அவற்றைப் படித்துத் தன் ஜனங்களின் கதையை எழுத இந்துமதிக்கு ஆசை. இரண்டு முறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. வயது வரம்பு இந்த வருடத்தோடு சரி, இன்று கடைசி நாள். ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் உட்கார்ந்து எழுதி முடித்தாள்; அனுப்புவதற்குள் அப்பா செல்லையா கண்ணை மூடிவிட்டார். சேரம்பாடிக் கடைத்தெருவுக்குப் போகலாம். ஆனால் அப்பாவை விட்டுவிட்டுப் போக வேண்டும். காலையில் குழி வெட்டப் போனவர்கள் மயானத்திலிருந்துதான் உறவுக்காரர்களுக்குப் போன் போட்டார்களாம்.

"செத்த வீட்டுல ஒனக்கு உத்தியோகம் கேக்குதா?" என்றார் சித்தப்பா.

சுருக்கென்றது. காலையிலிருந்து அவளே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான்.

அம்மா சின்னம்மை திரும்பி வந்தாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. "தம்பி, அவ போகட்டும். வாராவாரம் அந்த மனுசன் அங்க ஏறுனது யாருக்காகன்னு நெனக்கிறீங்க?"

சித்தப்பா வழிவிட்டார். அம்மா சொன்னது இந்துமதிக்கு விளங்கவில்லை.

மேலே மயானத்தில், சில்வர் ஓக் மரத்தடியில் குழி தயாராக இருந்தது. மண்வெட்டியோடு நின்ற மூக்கன் சொன்னான்: "அண்ணனுக்கு இந்த எடந்தான்னு நானே முடிவு பண்ணிட்டேன். ஞாயித்துக்கெழமையானா இங்க வந்து உக்காந்துதானே ஒங்கிட்ட பேசுவாரு. இந்த மரத்தடியை விட்டா டவரு இல்ல."

கடைத்தெருவில் இருக்கிறேன் என்றல்லவா அப்பா சொல்வார்! ஒரே காற்றாக இரைகிறதே என்று அவள் எத்தனை முறை சலித்துக்கொண்டிருப்பாள். வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே லேப்டாப்பைத் திறந்து, போனின் இணையத்தோடு இணைத்தாள்.

திரையில் வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது.

"போனைத் தூக்கிப் பிடிக்கணும்," என்றான் மூக்கன். "அண்ணன் எந்திரிச்சு நின்னுதான் பேசுவாரு."

கூட்டத்தில் உயரமானவர் சுடலைச் சித்தப்பாதான். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டி, குழிமண் குவியல் மேல் ஏறி, போனை வாங்கி உயர்த்திப் பிடித்தார்.

"ஆடாதீங்க சித்தப்பா!"

"மூச்சே விடல, நீ அனுப்பு!"

தப்பு நின்றிருந்தது. பாடையும் காத்திருந்தது. வட்டம் ஒரு முறை முழுதாகச் சுற்றி மறைந்தது. இந்துமதி உரக்கப் படித்தாள்: "உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது."

யாரோ விசிலடித்தார்கள். "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, அடிங்கடா!" என்றான் மூக்கன். தப்பு எழுந்தது. அது சாவுக்கான அடி இல்லை, மாரியம்மன் திருவிழாவுக்கு அடிப்பது. யாரும் தடுக்கவில்லை. சந்தோஷம் தாங்காமல் இந்துமதி சிரித்தாள். அந்த இடத்தில் சிரிக்கிறோமே என்ற கூச்சம்கூட வரவில்லை.

செல்லையாவைக் குழிக்குள் இறக்கினார்கள். மண் போடும் நேரம் வந்ததும் ஆண்கள் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

"மொதல்ல நீ போடும்மா," என்றார் அவர், இந்துமதியிடம்.

அவள் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள். சித்தப்பா இன்னும் போனை உயர்த்திப் பிடித்தபடியே நின்றார். இறக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.