டார்ட்டின் இரட்டைக் கிண்ணம்

அசலைக் காப்பதே மனித குலத்தின் கடைசிக் கடமை. பேரரசுகள் அழியலாம், மொழிகள் மறையலாம். ஆனால் ஒரு பொருள் பிறந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே அதை அடுத்த தலைமுறையின் கையில் கொடுக்கிறவன் காலத்தையே வென்றவன்.

இப்படிச் சொன்னவர் வெர்லின் ஸ்ட்ரௌட். சொன்ன இடம், இண்டியானா மாநிலத்து டோபின்ஸ்வில் ஊரில் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கூடம். பேச வந்த விஷயம், 1965-ஆம் வருஷத்து டாட்ஜ் டார்ட்டின் ரேடியேட்டர் குழாயை எந்த மாதிரி வளையம் போட்டு இறுக்குவது என்பது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள், பழைய அமெரிக்கச் சிறுகார்களின் அசல் பாதுகாப்புச் சங்கத்தைச் சேர்ந்த ஒரு டஜன் பேர். அதில் ஒருவர் தூங்கிவிட்டார். இன்னொருவர் சங்கத்து ஆளே அல்ல. உடம்பு இளைக்கும் கூட்டம் என்று நினைத்து அறை மாறி வந்தவர், பாதியில் எழுந்து போக வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெர்லின் சங்கத்தின் தலைவர். உயர்நிலைப் பள்ளியில் துணை முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற பிள்ளையை இருந்த இடத்திலேயே நிறுத்தும் குரல் அவருக்கு. ஓய்வுக்குப் பிறகு அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் போனது. வீட்டில் அதை நடீனிடம் ஒருமுறை காட்டிப் பார்த்தார். "இன்னொரு தடவ காட்டு, நாய் ஓடி ஒளிஞ்சிருக்கு, அது வந்து பாக்கட்டும்" என்றாள் மனைவி. அதன்பிறகுதான் சங்கம் தொடங்கினார்.

டார்ட்டை அவர் ஒரு கோழிப்பண்ணையிலிருந்து மீட்டார். அப்போது அதன் தரை வழியாகப் புல் தெரிந்தது. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது பொரித்து முடிக்கும்வரை பண்ணைக்காரர் காரைக் கொடுக்க மறுத்துவிட்டார். அந்தத் துருப்பிடித்த தகரத்தை வெர்லின் சில வருஷம் உழைத்து மறுபடியும் காராக்கினார். புதுத் தரை வைத்துப் பற்றவைத்தார். சாய்ந்து படுத்திருக்கும் அந்த ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றி, கடைந்து, பூட்டினார். தொழிற்சாலையில் சோதித்தவர் சாக்குக்கட்டியால் போட்ட கிறுக்கலைக்கூட ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்து அதே இடத்தில் போட்டார். சாய்வு சரியாக வரவில்லை என்று அழித்து அழித்துப் போட்டார்.

ஒன்றை மட்டும் மாற்றவில்லை. சக்கரங்களுக்கு பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் குழாயில், கார் பிறந்தபோது போட்ட வெள்ளைக் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. அப்படி ஒரு கோடு அந்த மாவட்டத்தில் வேறு எவரிடமும் கிடையாது. வெர்லின் அதைத் துடைத்து, முத்தம் கொடுக்காத குறையாகப் பழைய இடத்திலேயே மாட்டினார். ரப்பருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்து பிரேக்கில் நாலு சக்கரத்துக்கும் ஒரே கிண்ணத்து எண்ணெய்தான். ஒரு குழாய் பிய்ந்தால் நாலும் போச்சு. குழாய் பிய்ந்தது, அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மெதடிஸ்ட் கோவிலுக்கு இறங்கும் மேட்டில், நடீன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது. வெர்லின் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்த கை பிரேக்கை இழுத்தார். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. கார், கோவில் புல்வெளியை ஏறிக் கடந்து, தர்மக் காரியத்துக்காக விற்பனைக்குக் குவித்திருந்த பூசணிக்காய்களுக்குள் போய் நின்றது. யாருக்கும் அடி இல்லை. பாதிரியார் ஓடி வந்தார். நடீன் இறங்கி, தொப்பியில் ஒட்டியிருந்த விதைகளைத் தட்டிவிட்டு, சபையே கேட்கும்படி சொன்னாள்:

"டிஸ்க் பிரேக்கும் தோளோட போடற பெல்ட்டும் வர்ற வரைக்கும் உன் கார் உனக்கு, என் கார் எனக்கு."

"அது ரெண்டும் இதுக்கு அசல் இல்ல, நடீன்!"

"நான் அசலு. எனக்கு ஸ்பேர் கிடைக்காது."

மூன்று கோடைகள் அப்படியே போயின. பழைய கார்க் கண்காட்சி எங்கே நடந்தாலும் டார்ட் முன்னால் போகும். அதில் வெர்லின், பக்கத்துச் சீட் காலி. பின்னால் நடீனின் டொயோட்டா வரும். அதில் மடக்கு நாற்காலி இரண்டு, ஐஸ் பெட்டி, உருளைக்கிழங்கு சாலட். மற்றவர்கள் ஜோடியாக வந்து இறங்குவார்கள். கதவு திறந்து மனைவி இறங்குகிற அந்தச் சின்ன ஓசை, பக்கத்துக் காரிலிருந்து கேட்கும்போதெல்லாம் வெர்லின் போய்த் தன் காரின் மூடியைத் திறந்து எதையோ பார்ப்பார். பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது.

நடீனுக்கு வழியில் எதையாவது காட்டிப் பேசும் பழக்கம். "அங்க பாரு, அந்த மாட்ட, நம்ம சங்கத்து ஹார்லன் மாதிரியே நிக்குது" என்பாள். இப்போது எந்த மாட்டைப் பார்த்தாலும் அவராகவே நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தனியாகச் சிரிப்பது தலைவருக்கு அழகில்லை.

ஒரு பிப்ரவரி மாலை, வெர்லின் டார்ட்டை ஓட்டிக்கொண்டு ஊர்க்கோடியில் இருந்த ரமோன் குவின்டனிலாவின் பட்டறைக்குப் போனார். முன்வாசலில் நிறுத்தவில்லை. கள்ளுக்கடைக்குப் போகிற பாதிரியார் மாதிரி சுற்றிவந்து பின்பக்கம் நிறுத்தினார்.

ரமோனின் தொழில், பழைய கார்களைப் பிளந்து உள்ளே புது எஞ்சின் வைப்பது. வெர்லின் சங்கச் செய்தி மடலில் அவனைக் "கல்லறைத் திருடன்" என்று எழுதியிருந்தார். ரமோன் அந்த வரியை வெட்டிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தான். அவன் பள்ளியில் படித்தபோது அவனை வெளியே நிறுத்தியவரும் வெர்லின்தான்.

"அட, சார் நீங்களா! வழி தவறிட்டீங்களா?"

"ஷட்டர இறக்கு முதல்ல."

ரமோன் இறக்கினான். "சொல்லுங்க. யாரக் கொல்லணும்?"

"முன்னால டிஸ்க் பிரேக் போடணும்."

ரமோன் தொப்பியைக் கழற்றினான். "கொலைன்னு சொல்லியிருந்தாக்கூட இவ்ளோ அதிர்ச்சியா இருந்திருக்காது, சார்."

"சிரிக்காத. தோள் பெல்ட்டும் வேணும். வெளிய தெரியக் கூடாது."

"பெல்ட்ட எப்படி சார் தெரியாம போடறது? சட்டைக்கு உள்ளயா?"

"சீட்டு மேல கம்பளியப் போத்தி வெச்சிடறேன்."

"மேடத்துக்காகவா?"

வெர்லின் சுவரில் மாட்டியிருந்த தன் வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரமோன் காரின் அடியில் படுத்து உள்ளே போனான். உள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"டிஸ்க் போட்டா இந்தச் சின்ன வீல் அதுக்கு மேல உக்காராது சார். ஒரு இஞ்ச் பெரிசு போடணும். எண்ணெய்க்கு ரெட்டைக் கிண்ணம் வெக்கறேன், முன்னுக்கு ஒண்ணு பின்னுக்கு ஒண்ணு. ஒண்ணு போனா இன்னொண்ணு நிறுத்தும். குழாய் அத்தனையும் புதுசு. அந்த வெள்ளைக் கோடு போட்டது ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

"பின்னால ஒண்ணு இருக்கு."

"அத வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஃப்ரேம் போட்டு மாட்டுங்க. நான் மாட்டல?"

அப்படியே எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பழைய பாயிண்ட்டையும் எடுத்துவிட்டு மூடிக்கு அடியில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தான். "இது கடவுளுக்கும் எனக்கும்தான் தெரியும்" என்றான். வேலை முடிந்த அன்று வெர்லின் ஆற்றோரச் சாலையில் ஓட்டிப் பார்த்தார். ஒரு மான் குறுக்கே வந்தது. மிதித்தார். வழக்கமாக டார்ட் யோசித்து, தயங்கி, சம்மதித்து நிற்கும். இப்போது நேராக நின்றது. மான் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. வெர்லினுக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவியது. இதை வெளியே சொன்னால் சங்கத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கும் விதியை எழுதியவரே அவர்தான்.

சிக்கல் அதில்தான் இருந்தது. நடீன் போட்ட நிபந்தனை ஊருக்கே தெரியும். அவள் டார்ட்டில் ஏறி உட்கார்ந்த நிமிஷமே வெர்லினின் குட்டு உடைந்துவிடும். அதனால், தலைவர் காரை யார் துருவிப் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில், ஜூன் மாதக் கண்காட்சியில் அசல் கெடாத காருக்குத் தரும் தங்கக் கோப்பையை வாங்கிக்கொண்டு, அப்புறம் சொல்லலாம் என்று தீர்மானித்தார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

ஜூன் மாதம் மாவட்டக் கண்காட்சித் திடலில் கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் அதன் சொந்தக்காரர்கள் மடக்கு நாற்காலியில், சாமி சிலைக்குப் பின்னால் குருக்கள் மாதிரி. டொயோட்டாவிலிருந்து இறங்கிய நடீனைப் பார்த்து நடுவர் ஹார்லனின் மனைவி ஓப்பல் கேட்டாள்:

"இன்னும் பின்னாலதான் வர்றியாடி?"

"முன்னால போனா என் மேல வந்து முட்டுவானே."

ஹார்லன் டிப்பெட்ஸ் பல் டாக்டராக இருந்தவர். கார்களின் அடிப்பகுதியைக் குச்சியில் கட்டிய கண்ணாடியால் சோதிப்பார். "எல்லாம் அழுகிப்போச்சு, ஆனா எப்படிச் சொல்றது" என்கிற முகம் அவருக்குத் தொழிலில் வந்தது, ஓய்விலும் போகவில்லை. டார்ட்டைச் சுற்றி வந்தார். சாக்குக்கட்டிக் கிறுக்கலைப் பார்த்துத் தலையாட்டினார். வீலைப் பார்த்து லேசாக நெற்றியைச் சுருக்கினார். பிறகு முன் மூடியைத் திறந்தார்.

ஒற்றைக் கிண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் இரட்டைக் கிண்ணம்.

ஹார்லன் குனிந்தார், நிமிர்ந்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். சங்கத்துத் தலைவர் தப்பு செய்திருப்பார் என்று அவருடைய மூளைக்கு எட்டவே இல்லை. அதனால் அது வேறு வழியில் ஓடியது.

"தலைவரே," என்றார் மெல்ல, "கனடாவுக்கு அனுப்பின வண்டில இப்படி ஒண்ணு வந்திச்சுன்னு கேள்வி."

"போலீஸ் ஆர்டர்ல வந்திருக்கும்" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"இல்லவே இல்ல, டாக்ஸி. எங்க மாமா சொல்லுவாரு."

"வீலும் பெரிசா இருக்கு பாருங்க! அப்ப அது மலைப் பிரதேசத்து வண்டி!"

கூட்டம் கூடிவிட்டது. கேமராக்கள் வந்தன. உலகத்திலேயே இப்படி இரண்டோ மூன்றோதான் மிஞ்சியிருக்கும் என்று ஒருவர் சொல்ல, இரண்டுதான் என்று இன்னொருவர் திருத்தினார். கண்ணெதிரே ஒரு புராணம் முளைத்து, கிளைவிட்டு, பூத்துக்கொண்டிருந்தது. ஹார்லன் பேனாவை எடுத்தார்.

"வாய் திறந்து ஒரு வார்த்த சொல்லுங்க, தலைவரே. ஏற்றுமதி வண்டிதானே? அபூர்வம்னு தனி மார்க் போட்டு எழுதிக்கறேன்."

'ஆமாம்' என்பது வெர்லினின் பல்லோரம் வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் கோப்பை. சொன்ன பிறகு அந்தப் பொய்யைக் காக்க, நடீனை ஒரு நாளும் காரில் ஏற்ற முடியாது. அவர் திரும்பிப் பார்த்தார். நடீன் நாற்காலியில் உட்கார்ந்து, ரொட்டியைவிடப் பெரிய பன்றிக்கறி வறுவலை எந்தப் பக்கம் கடிக்கலாம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலி காலி.

"கனடாவும் இல்ல, டாக்ஸியும் இல்ல" என்றார் வெர்லின். அந்தப் பள்ளிக்கூடக் குரல் வரவில்லை. வெறும் குரல்தான் வந்தது. "டிஸ்க் பிரேக் போட்டிருக்கேன். பிப்ரவரியில. ரமோன்தான் போட்டான்."

ஓப்பல் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்ஸி மாமாவின் மருமகன் கேமராவை உறைக்குள் போட்டார்.

"ரமோனா?" என்றார் ஹார்லன். "கல்லறைத் திருடனா?"

"ஆமா. கல்லறையில கிடந்தது நான்தான்."

ஹார்லன் தாளில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். பிறகு யாருக்கும் கேட்காமல், "நேரா நிக்குதா?" என்று கேட்டார்.

"மானே அசந்துபோச்சு."

நடீன் வறுவலை ஐஸ் பெட்டி மேல் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். முன் சீட்டின் கம்பளியை விரலால் தூக்கிப் பார்த்தாள். பெல்ட்டை இழுத்தாள், அது வந்தது. சட்டென்று இழுத்தாள், பிடித்துக்கொண்டது. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

"பிப்ரவரியிலயே போட்டுட்டியா?"

"ஆமா."

"பிப்ரவரியிலேருந்து நான் உன் பின்னாலயே சாலட்டத் தூக்கிட்டு வந்துட்டிருக்கேன்."

"கோப்பை வாங்கிட்டு சொல்லலாம்னு…"

"மடையா" என்றாள். ஆனால் அந்தச் சொல்லில் மூன்று கோடைகளாக இல்லாத ஒரு சிரிப்பு இருந்தது. கையை நீட்டினாள். "சாவியக் குடு."

வெர்லின் திகைத்தார். டார்ட்டின் சாவியை இதுவரை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. "நீ பக்கத்துல உக்காரு, நான் ஓட்டறேன். அதானே பேச்சு?"

"அது நீ அப்பவே உண்மையச் சொல்லியிருந்தா. இப்ப பேச்சு மாறிடுச்சு. குடு."

வேடிக்கை பார்க்க வந்திருந்த ரமோன், டொயோட்டாவை நான் கொண்டுவருகிறேன் என்றான். அவன் கண் உருளைக்கிழங்கு சாலட் மேல் இருந்தது. தங்கக் கோப்பை, தரையில் ஓட்டையுள்ள, ஆனால் ஓட்டை அசலான ஒரு காருக்குப் போனது. யார் கைதட்டினார்கள் என்று வெர்லின் பார்க்கவில்லை. பக்கத்துச் சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டார். முதல் தடவையாக அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோது கார் அகலமாகத் தெரிந்தது.

நடீன் நன்றாக ஓட்டினாள். சோளக்காடு இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன.

"அங்க பாரு, அந்த மாட்ட" என்றாள். "வாய ஆன்னு வெச்சுக்கிட்டு. சாமிகிட்ட கோப்ப கேக்கற மாதிரி."

வெர்லின் சிரித்தார், வாய் விட்டு. மேட்டிலிருந்து இறங்கும்போது அவள் லேசாக மிதித்தாள். டார்ட் சொன்ன பேச்சு கேட்டது. கோடை முழுக்க எங்கெல்லாம் போகலாம் என்று இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

வீடு வந்து சேரும்வரை வெர்லினின் வலது கால், அவர் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.