அபு ஸலீம் கடையில் மெக்லி

வஜீஹின் மளிகைக்கடை வாசலில் அந்தப் பெட்டியை வைத்தவள் இல்ஹாம். ஆரஞ்சு வந்திறங்கிய மரப்பெட்டிதான். அதில் வெள்ளைத் துணி விரித்து, "நம்ம குழந்தைகளுக்கு" என்று எழுதிய அட்டையைச் செருகியிருந்தாள். சைதா துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் தாய்சேய் மருந்தகத்தில் அவள் நர்ஸ். அங்கே பால்மாவு அலமாரி துடைத்து வைத்ததுபோல் காலியாகிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு டயப்பரோ, ஒரு சோப்போ வாங்கிப் போட்டுவிட்டுப் போனால்கூடப் போதும் என்று நினைத்தாள்.

"என் வாசல்ல ஏற்கெனவே உருளைக்கிழங்கு மூட்டை இருக்கு, பூனை இருக்கு. இப்ப இது வேறயா?" என்றார் வஜீஹ்.

"பூனையை நகர்த்துங்க, அபு ஸலீம்."

அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் அந்த ஊரில் ஓர் ஆணை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் மனசு வராது. பிறக்காத பிள்ளைக்காவது அவனைத் தகப்பனாக்கிவிடுவார்கள். வஜீஹின் அப்பா பெயர் ஸலீம். மகன் பிறந்தால் அந்தப் பெயரைத்தான் வைப்பார் என்று இருபது வயதிலேயே அவரை அபு ஸலீம், அதாவது ஸலீமின் அப்பா, ஆக்கிவிட்டார்கள். இப்போது அறுபதைத் தாண்டியாயிற்று. ஸலீம் வருகிற வழியாகத் தெரியவில்லை.

பெட்டியும் நிறைகிற வழியாகத் தெரியவில்லை. ஜனங்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அவரவர் அடுப்பில் பூனை தூங்குகிற காலம் அது. அட்டையைப் படித்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, "அல்லாஹ் வழிவிடுவான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அல்லாஹ் டயப்பர் வாங்கிப் போடமாட்டான் என்று வஜீஹ் அவர்கள் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தார்.

கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஹனீன் வந்தது அப்போதுதான். தோளில் மூன்று மாதக் குழந்தை யமன். அவள் புருஷன் நிஸார் வேலை பார்த்த மரப்பட்டறையை மூடிவிட்டார்கள். கிடைத்த இடத்தில் மூட்டை தூக்குகிறான்.

"டயப்பர் மூணு கொடுங்க மாமா. பால்மாவுல சின்ன டின்."

முழுக் கட்டு வாங்க முடியாதவர்களுக்காக வஜீஹ் டயப்பரைப் பிரித்து ஒவ்வொன்றாகத்தான் விற்றார். மூன்றை எண்ணிக் கொடுத்தார். ஹனீன் வாசலுக்குப் போனாள், அட்டையைப் படித்தாள். கையிலிருந்த மூன்றில் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தாள். துணியை நீவிச் சரிசெய்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மாடியேறிவிட்டாள்.

தனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியாமல், பெட்டியருகே நின்ற இல்ஹாம்மேல் காட்டினார் வஜீஹ்.

"பார்த்தியா? உன் பெட்டியில விழுந்தது அது ஒண்ணுதான். அதுவும் யார் கையில இருந்து?"

"பார்த்தேன்," என்றாள் இல்ஹாம். "உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு சொல்றேன். யமனுக்கு எடை ஏறல. அவளுக்குத் தாய்ப்பால் போதல. அந்தச் சின்ன டின்னை இழுத்து இழுத்து, பால்ல தண்ணியைக் கூட்டிக்கிட்டே போறா. கேட்டா, பையனுக்குத் தண்ணியா இருந்தாதான் இறங்குதுங்கறா. இப்படியே விட்டா அந்தப் பிள்ளை தாங்காது."

"மருந்தகத்துல இருந்து ஒரு டின் கொடுக்கறது?"

"இருந்தப்ப கொடுத்தேன். என்னைவிட இல்லாதவங்களுக்குக் கொடுங்கன்னு திருப்பிட்டா."

வஜீஹுக்கும் அதே அனுபவம்தான். போன மாதம் அவள் பைக்குள் தெரியாமல் பெரிய டின் ஒன்றைத் தள்ளிவிட்டார். அரைமணி நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி வந்தாள். "மறந்து போட்டுட்டீங்க மாமா," என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். மூடி நசுங்கிய அந்த டின்னை அவர் விற்கவில்லை. அலமாரியின் மேல்தட்டிலேயே கிடந்தது.

அன்று முழுக்க அவர் பாலாடைக்கட்டியை நறுக்கும்போதும், வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழும்போதும் இதே யோசனைதான். யமன் பிறந்தபோது அந்த வீட்டில் மெக்லி கிண்டவில்லை என்பது சட்டென்று நினைவுக்கு வந்தது. குழந்தை பிறந்த வீட்டில் அரிசி மாவும் சர்க்கரையும் பட்டையும் சோம்பும் சீமைச் சீரகமும் போட்டுப் பழுப்பாக மெக்லி கிண்டி, மேலே தேங்காய்ப்பூவும் ஊறவைத்த வாதுமையும் அக்ரூட்டும் பைன் விதையும் தூவிக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுக்காமல் இருப்பார்களா? பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு சரியில்லை, யாரையும் பார்க்கவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். அந்தப் பருப்பெல்லாம் விற்கிற வஜீஹுக்குக் காரணம் தெரியாதா? மெக்லி இல்லாததால் யாரும் வரவில்லை. யாரும் வராததால் பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை.

மெக்லி சாப்பிட்டவர் அந்தக் குழந்தைக்கு எதையாவது கொடுத்துத்தான் ஆகவேண்டும். குழந்தை வீட்டாரும் வாங்கித்தான் ஆகவேண்டும். அதை யாரும் தர்மம் என்று சொல்லமாட்டார்கள்.

மறுநாள் ஹனீன் வந்ததும் வஜீஹ் குழைந்தார். குழைந்து பழக்கமில்லாததால் கொஞ்சம் அசிங்கமாகவே இருந்தது.

"உன்கிட்ட ஒரு உதவி, ஹனீன். ஒரு பெரிய பானை மெக்லி கிண்டித் தரணும். சாமான் எல்லாம் நான் தரேன். சும்மா கேட்டா எவனும் பெட்டியில போடமாட்டேங்கறான். வாயில இனிப்பு போனா கை இளகும்."

"நீங்களே கிண்டலாமே மாமா."

"நான் கிண்டினா அடிப்பிடிக்கும். இல்ஹாம் கிண்டினா டெட்டால் வாசனை வரும்."

"இது அவங்க காதுல விழுந்தா உங்களை உரிச்சிடுவாங்க," என்று சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்து அவர் பார்த்தார். கொடுப்பதென்றால் அவள் மறுக்கமாட்டாள். ஒத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பும்போது, வஜீஹின் மேசைமேல் வரிசையாகக் கிண்ணங்கள். மேலே பருப்பு வாரித் தூவியிருந்தது. முதலில் பார்த்தவள் எதிர்வீட்டு ரபீஃயின் அம்மா, உம் ரபீஃ. அவள் கண்ணில் பட்டால் ஊர் முழுக்கத் தண்டோரா போட்ட மாதிரி.

"அபு ஸலீம்," என்றாள் குரலைத் தாழ்த்தி, "ஸலீம் பிறந்துட்டானா?"

"முதல்ல சாப்பிடுங்க."

அவ்வளவுதான். சந்து பற்றிக்கொண்டது. அபு ஸலீம் ரகசியமாக நிக்காஹ் பண்ணிக்கொண்டார் என்றது முடிவெட்டும் கடை. பெண் ஸூர் ஊர்க்காரி என்றது ரொட்டிக்கடை. இரட்டைப் பிள்ளையாம் என்று மீன்கடையிலிருந்து வந்தது. தூண்டில்காரர் ஒருவர் அவர் முதுகில் ஓங்கித் தட்டி, "இந்த வயசுலயா? கில்லாடிய்யா நீ," என்றார். வஜீஹ் அடுத்த கிண்ணத்தை நீட்டினார். பிள்ளையைப் பற்றித் துப்புத் தெரிந்துகொள்ள வந்தவர்கள் எல்லாரும் ஒரு கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்கள்.

கிண்ணம் காலியான பிறகுதான் அவர் பதில் சொன்னார்.

"ஸலீம் எங்க பிறந்தான்? இது யமனோட மெக்லி. மூணாம் மாடி ஹனீன் தன் கையால கிண்டினது."

உம் ரபீஃ கையிலிருந்த காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள். "பிள்ளை பிறந்து மூணு மாசம் ஆச்சே."

"லேட்டா வந்தா அது மெக்லி இல்லையா?"

"சாப்பிட்டுட்டேனே நான்."

"வழிச்சுச் சாப்பிட்டீங்க. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நீ நல்லா இருக்கமாட்ட," என்று அவள் செல்லமாகச் சபித்துவிட்டு, கடைக்குள் வந்து பால்மாவு டின் ஒன்றை எடுத்தாள். சாயங்காலத்துக்குள் அந்த மூன்று மாடிப் படிகளில் ஏறாத பெண் சந்தில் இல்லை. வெறுங்கையோடு ஒருத்தியும் ஏறவில்லை.

இல்ஹாம் மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றாள். "என் பெட்டி அப்படியே கிடக்கு. ஒத்தை டயப்பரோட. பெட்டிக்குன்னு சொல்லித்தானே கிண்டச் சொன்னீங்க?"

"பொறு."

ஹனீன் இறங்கி வந்தாள். தோளில் யமன், கண்ணேறு படாமலிருக்கச் சட்டையில் யாரோ குத்திவிட்ட நீலமணி, பின்னால் இரண்டு பெரிய பைகளோடு நிஸார்.

"மாமா, நான் பெட்டிக்குத்தான் கிண்டினேன். நீங்க என்னை ஏமாத்திட்டீங்க."

"நான் என்ன ஏமாத்தினேன்? யார் கிண்டினதுன்னு கேட்டாங்க, சொன்னேன். பிள்ளை பெத்தவ கிண்டின மெக்லியைச் சாப்பிட்டா அவங்க என்ன பண்ணுவாங்க? வாசல்ல நிறுத்தித் திருப்பி அனுப்பறதுதானே?"

"அது எப்படி அனுப்பறது," என்று ஆரம்பித்தவள் உடைந்து அழுதாள். "மூணு மாசமா ஒருத்தரும் படியேறல மாமா. பாலுக்குக்கூட நான் அழல. என் பிள்ளையை யாரும் வந்து பார்க்கலையேன்னுதான் அழுதேன்."

வஜீஹ் தராசைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த தராசுதான். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

ஹனீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு பையைப் பெட்டிக்குள் அப்படியே கவிழ்த்தாள். சோப்பு, டயப்பர் கட்டுகள், இரண்டு டின் பால். இல்ஹாம் வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தாள். ஹனீனின் முகத்தைப் பார்த்துவிட்டு, விழுந்த சாமான்களை அடுக்க ஆரம்பித்தாள்.

மேசைமேல் ஒரு கிண்ணம் மிச்சம் இருந்தது. "நீங்க சாப்பிடவே இல்லையே மாமா," என்றாள் ஹனீன்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. டீக்குக்கூட இனிப்பு கூடாதென்று மாதாமாதம் அவரைத் திட்டித் தீர்ப்பவள் இல்ஹாம்தான். வஜீஹ் அந்தக் கிண்ணத்தை எடுத்தார். அவள் முன்னாலேயே அவசரமில்லாமல் சாப்பிட்டார், கடைசிப் பைன் விதைவரை. அன்றைக்கு ஒருநாள் இல்ஹாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு முக்காலியில் ஏறினார். மேல்தட்டிலிருந்து மூடி நசுங்கிய அந்தப் பெரிய டின்னை எடுத்துத் தூசி தட்டி ஹனீனின் முன்னால் வைத்தார்.

"சாப்பிட்டவன் சும்மா இருக்கலாமா?" என்றார்.

அவள் நசுங்கிய மூடியை விரலால் தடவினாள். பிறகு எடுத்துக்கொண்டு போனாள். வஜீஹ் வெகுநேரம் கடையைச் சாத்தாமல் மாடிப்படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை யாரும் இறங்கி வரவில்லை.